துண்டு போட்ட இடம்

"அங்க உக்காராதம்மா. ஆள் வரணும்."

வேதாந்தம் சொன்னதும், உட்காரப் போன முதல் வருஷப் பெண் எழுந்து இரண்டு படி மேலே போய்விட்டாள். அடையாறில் அந்தக் கல்லூரியின் சிமென்ட் கேலரியில், கீழ்ப்படியின் ஓரத்தில், அவருக்குப் பக்கத்து இடத்தில் ஓர் ஈரிழைத் துண்டு விரித்துக் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். காலேஜ் மேட்சுக்குத் துண்டு போடுகிற ஒரே மனிதர் வேதாந்தம்தான்.

ஜூலையிலிருந்து இதே கூத்துதான். கூடைப்பந்தோ கால்பந்தோ, கல்லூரி அணி ஆடுகிறது என்றால் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து முதல் ஆளாக வந்துவிடுவார். கையில் ஒரு துண்டு, இரண்டு டப்பா எலுமிச்சை சாதம். ஆட்டம் முடியும்வரை அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இரண்டாவது டப்பா வாட்ச்மேன் அம்மாசிக்குப் போகும்.

யாருக்காக அந்த இடம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர் மகன் பிரணவ் கூடைப்பந்து அணியின் கேப்டன். போன மே மாதம் பாலவாக்கம் பக்கம் பைக் லாரியில் மோதியதில், பின்னால் உட்கார்ந்திருந்த பிரணவ் போய்விட்டான். ஓட்டிய நண்பன் பிழைத்தான். அதற்கப்புறம் கல்லூரிப் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை.

பாவம், மனுஷருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் கால்பந்து மேட்சுக்கெல்லாம் எதற்கு வருகிறார்? பிரணவ் கால்பந்தைத் தொட்டதே இல்லையே.

மகன் ஆடிய காலத்தில் வேதாந்தம் உட்கார்ந்தது மேல்படியில்தான். அங்கிருந்துதான் கோர்ட் முழுக்கத் தெரியும். இந்த வருஷம் கீழ்ப்படிக்கு வந்துவிட்டார். முட்டிவலி என்று சொல்லவும் வழியில்லை. பந்து கேலரி உச்சியில் போய் விழுந்தால், இரண்டிரண்டு படியாக ஏறிப் போய் எடுத்து வீசுகிறவர் அவர்தான்.

இன்று கூடைப்பந்து இறுதி ஆட்டம். சீசனுக்கே இதுதான் கடைசி.

"இன்னா சார், இன்னியோட முடிஞ்சிது," என்றார் அம்மாசி. "அடுத்த வருசமும் துண்டு எடுத்துகினு வருவியா?"

"இன்னிக்கு வந்துட்டான்னா அடுத்த வருஷம் எதுக்கு?"

"வராதவங்களுக்கு எத்தினி நாளு சார் எடம் புடிப்ப?"

"வருவான். நீ கேட்லதானே இருப்பே, வந்தா ஓடி வந்து சொல்லு."

அம்மாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்பது மாதமாக அந்த வீட்டுச் சாதத்தைச் சாப்பிட்ட மனுஷர். செத்த பிள்ளை கேட் வழியாக வருவான் என்கிறவரிடம் அவர் என்னத்தைச் சொல்வார்?

ஆட்டம் தொடங்குமுன் அணிப் பையன்கள் வரிசையாக வந்தார்கள். பிரணவின் ஒன்பதாம் எண் பனியனை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, அந்தத் துண்டின் மேல் வைத்தார்கள். மேல்படியில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வேதாந்தம் பனியனைத் தடவிப் பார்த்தார். ஒருதரம் முகத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த இடம் காலியா இருக்கட்டும்ப்பா. ஆள் வரணும்."

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளையின் பனியனுக்குக்கூட இடம் கிடையாது என்றால், முற்றித்தான் போய்விட்டது என்று எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

மூன்றாவது குவார்ட்டரில் அம்மாசி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், கேட்டாண்ட ஒரு பையன் நின்னுகினு கீறான். உள்ள வான்னா வரமாட்டேன்றான்."

ஸ்கோர் சமமாக இருந்தது. வேதாந்தம் அதைப் பார்க்கவே இல்லை, எழுந்து போனார்.

கேட்டுக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்றவன் அமீன். கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்தவன். அன்று பைக்கை ஓட்டியவனும் அவன்தான். பேன்ட்டின் இடதுகால் முழங்காலோடு மடித்துக் குத்தியிருந்தது. அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்கேர்ந்தே பாத்துட்டுப் போயிடறேன் மாமா."

"நாலு தடவை ஒங்க வீட்டுக்கு வந்தேன். ஒங்கப்பாதான் பேசிண்டிருந்தார். நீ ரூமை விட்டே வரலே."

வேதாந்தம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, கேலரிக்குக் கூட்டிவந்தார். கத்திக்கொண்டிருந்த மேல்படிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

துண்டைப் பார்த்ததும் அமீன் நின்றுவிட்டான்.

"பசங்க சொல்லியிருக்காங்க மாமா. இது பிரணவோட எடம். இதுல நான் எப்பிடி உக்காருவேன்?"

வேதாந்தம் குனிந்து துண்டை எடுத்தார். ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் வரமாட்டான்னு நேக்குத் தெரியாதாடா? ஒனக்குத்தான் போட்டு வெச்சேன், உக்காரு."