தீர்மான நோட்டு

கையை அவள்தான் முதலில் தூக்கினாள்.

கிராமசபைக் கூட்டத்தில் ஒரே கேள்வி. மலையை இன்னும் முப்பது வருஷத்துக்கு ஜல்லி கிரஷருக்கு விடலாமா? வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம்.

பேனா முனையால் காற்றில் எண்ணிக்கொண்டே வந்தார் கிளார்க் சென்னியப்பன். அவளிடம் வந்ததும் பேனா நின்றது.

"நீ எறக்கு கண்ணு. ஓட்டு இருக்கறவங்க கைதான் கணக்கு."

பின்வரிசையில் ஒரு குரல்.

"தை பொறக்கட்டும் புள்ள. பதினெட்டு ஆயிரும். அப்பறம் ரெண்டு கையவும் தூக்கிக்கலாம்."

சிரித்தார்கள்.

தை பிறக்க மூன்று மாதம் இருந்தது.

இறக்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

வேறு கை எதுவும் இல்லை.

முந்தின வாரம் அவள் வீடு வீடாகப் போய், வேண்டாம் என்று கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். வெடி வைத்து வைத்து எல்லார் வீட்டுச் சுவரிலும் விரிசல். எல்லார் வீட்டிலும் இருமல்.

"செரி, வேணுங்கறவங்க?"

கைகள் எழுந்தன. வாசல் கேட் ஓரமாகக் கிரஷர் மேஸ்திரி நின்றிருந்தார், யாரையும் பார்க்காத மாதிரி.

நாச்சிமுத்துத் தாத்தாவுக்கு எண்பத்து நாலு வயசு. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

அது கணக்கில் வந்தது.

மூன்றாவது வரிசையில் அம்மாவின் கை. தோளுக்கு மேல் ஏறவில்லை. நகக்கண்ணில் கிரஷர் தூசி வெள்ளையாய் இருந்தது. அங்கேதான் வேலை.

அதுவும் கணக்கில் வந்தது.

தீர்மான நோட்டு அவள் மடியில் இருந்தது. ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே அதை அவள்தான் எழுதுகிறாள். முத்து முத்தான கையெழுத்து என்று கிளார்க் பிடித்து உட்காரவைத்ததுதான். எழுதுவதற்கு மட்டும் யாரும் வயசு கேட்டதில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"...ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

பேனா நின்றது.

"ஏகமனசா இல்லீங்களே."

அவர் கோபப்படவில்லை. குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"வேற ஆராச்சும் தூக்குனாங்களா கண்ணு?"

எழுதினாள்.

முப்பது வருஷம். அவளுக்கு நாற்பத்தேழு ஆகியிருக்கும்.

கையெழுத்துப் போட வரிசை நின்றது. நோட்டை மேசைக்கு மாற்றினாள். ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள்.

அம்மா வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவுக்குக் கை நீட்டினாள்.

பாவாத்தாள் என்று எழுத அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். போன வருஷம், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில். இனிமேல் நீ எங்கேயும் கைநாட்டு வைக்கக் கூடாதும்மா என்று சொல்லி.

அம்மா அழுத்தித்தான் எழுதுவாள். தாள் நகர்ந்து நகர்ந்து போகும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடித்துக்கொண்டாள்.