அம்மா காதுக்கு எட்டாத வேகம்

அம்மாவின் கட்டிலில், அம்மாவின் தலையணையில் தலை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள் ஜிங்-ரூ. நெஞ்சின் மேல் ஒரு சின்னக் கருவி. அதில் எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

"உயிரோட இருக்கியாடி?" பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள் தோழி வெய்-திங்.

"கத்தாதடி. உன் குரல்தான் மீட்டர்ல ஏறுது."

சத்தத்தை அளக்கும் அந்த மீட்டர், பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரவல் வாங்கியது. அளக்க வேண்டியது பக்கத்து அறைக் கம்ப்யூட்டரை. அதற்குள் விளையாட்டுப் படங்கள் வேகமாக ஓட, அம்மாவுக்குத் தெரியாமல் மாட்டிய கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அதன் மூன்று விசிறிகளும் வேகம் பிடித்தால், மலையேறும் பஸ் மாதிரி இரையும்.

இன்று ராத்திரி கம்ப்யூட்டர் விளையாட்டில் அவர்கள் அணிக்கு இறுதிப் போட்டி. அந்நேரம் அம்மா இதே தலையணையில் படுத்திருப்பாள். நுழைவுத் தேர்வு முடிகிறவரை விளையாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது, கேட்டால் கம்ப்யூட்டர் பெட்டி தைச்சுங் நகரத்து மாமா வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"தூங்கினப்புறம் என்னடி பயம்? எங்கம்மால்லாம் பூகம்பம் வந்தாக்கூட எந்திரிக்க மாட்டாங்க."

"உங்கம்மா நூடுல்ஸ் கடை வெச்சிருக்காங்க. எங்கம்மா காதுக்குத்தான்டி சம்பளமே குடுக்கறாங்க."

உண்மைதான். அம்மாவுக்குக் கிராபிக்ஸ் கார்டு செய்யும் கம்பெனியில் வேலை. சத்தம் புகாத அறையில் கண்ணை மூடி உட்கார்ந்து விசிறிகளைக் கேட்பாள். 'இது உறுத்தும், இது உறுத்தாது' என்று அவள் சொல்வதுதான் தீர்ப்பு. மேல்வீட்டுக் குளியலறை விசிறி கெடப்போவதை இங்கிருந்தே சொன்னவள்.

"இப்ப பாரு, விசிறி வேகத்த இன்னும் கொறைச்சிட்டேன். எவ்ளோ காட்டுது?"

"முப்பத்தொண்ணு. ஃப்ரிட்ஜே இதவிடக் கத்தும்."

"அப்புறம் என்ன?"

"மீட்டர் நம்பரத்தான் சொல்லும். ஒரு ஓரத்துல 'ஙொய்'னு ஒண்ணு வருதுடி. எங்கம்மா அதத்தான் புடிப்பாங்க. இன்னும் கொறை."

"ஒரு வாரமா கொறைச்சுக்கிட்டேதான் இருக்கே. சூடு ஏறி, ஆட்டம் திக்கித் திக்கித்தான் ஓடும்."

"ஓடட்டும். தோத்தாலும் பரவால்ல, மாட்டக் கூடாது."

வெய்-திங் கம்ப்யூட்டர் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை நேராக வைத்தாள். தேங்காய் வாசனைப் பொரி. அது மேலே இருந்தால் மெஷின் அடம் பிடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. பொட்டலத்தின் காலாவதித் தேதி தாண்டிவிட்டால்தான் ஆபத்து.

"தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குடி. கவலைய விடு."

"இந்த மாசத்தோட முடியுதுன்னுல்ல நெனச்சேன்? சரி, நல்லதுதான்."

வாசல் கதவு திறந்தது. சந்தைக்குப் போன அம்மா, கொய்யாப்பழப் பையோடு உள்ளே வந்துவிட்டாள். ஜிங்-ரூ கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து ஓடுவதற்குள், அம்மா கம்ப்யூட்டர் அறை வாசலில் கண்ணை மூடி நின்றிருந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க சும்மா கணக்குப் போட்டுக்கிட்டு..." என்று இழுத்தாள் வெய்-திங்.

"கணக்கு போட்டா அறை இவ்வளவு சூடாகுமா?"

அம்மா பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாக்கால் 'ச்' கொட்டினாள்.

"நடு விசிறி. பேரிங் தேயுது. உறுத்தும்."

ஜிங்-ரூவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்கம்மா. நாளைக்கு நானே மாமா வீட்ல கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அம்மா வெய்-திங்கை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்ல விசிறி வேகத்தக் கூட்டுடி. நீ டியூஷன் போனப்புறம் நான் இதுல வெளையாட உக்காந்தா, துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள என்னச் சுட்டுடறானுங்க."