இடது கார்னர்

இடது கையில் யாரும் இல்லை.

வலது கையில் ஜோகிந்தர் இருந்தான். ஹரியானாக்காரன். அவன் பிடித்தால் கையா இடுக்கியா என்று சந்தேகம் வரும். தமிழில் ஒரு சொல் தெரியாது. தேவையும் இல்லை.

இடப்பக்கம் கோடு. கோட்டுக்கு அப்பால் சிமெண்ட் விளம்பரம்.

ஆனாலும் இடது கார்னரில் நின்றவன் தன் இடது கையைக் கொஞ்சம் நீட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தான். பிடித்துக்கொள்ள யாருக்கோ கொடுப்பதுபோல. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

இரண்டு பக்கமும் சமம். கடைசி ரைடு. வருகிறவன் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஆட்டம் அவர்களுக்கு. மடக்கினால் இவர்களுக்கு.

அவனுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் ஏலம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், கபடி ஏலத்தில் முழங்காலை. அவனுடைய முழங்காலோ ஏற்கெனவே பிரித்துத் தைத்த சரக்கு. இந்தப் பிடி விழுந்தால் இன்னொரு சீசன். விழாவிட்டால் ஊருக்குப் போய் உடற்பயிற்சிக் கூடம் திறந்து, வாசலில் தன் படத்தையே பெரிதாக மாட்டிக்கொள்ளலாம்.

ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

கபடி கபடி கபடி.

ஓரத்தில் நிற்கிற கார்னரும் அவனுக்கு அடுத்து நிற்பவனும் விரலால்தான் பேசிக்கொள்வார்கள். வாயால் பேசினால் ரைடருக்கும் காது இருக்கிறதே. மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே வித்தை. சுண்டுவிரலை அமுக்கினால், இரு. கட்டைவிரலை அமுக்கினால், பாய்.

கல்லூரி அணியில் இடது கார்னர் ஐகோர்ட்ராஜா. குலசாமி பேர். சான்றிதழ் அச்சடித்தவர் கூப்பிட்டு, இது ஆள் பேர்தானா என்று கேட்டாராம். ராஜாவுக்கு அடுத்து இவன். படித்த காலம் பூராவும் ராஜாவின் வலது கை இவனுடைய இடது கைக்குள் இருந்தது. கல்யாணமானவர்கள்கூட இத்தனை நேரம் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள் என்று விடுதியில் கேலி செய்வார்கள்.

பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தன்று, அணிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜா சுண்டுவிரலை அமுக்கினான். இரு.

இவன் கையை உதறினான். பாய்ந்தான். தனியாக.

பிடி விழுந்தது. ரைடர் திமிறினான். இவனைத் தனியே விட மனமில்லாமல் ராஜாவும் பின்னாலேயே வந்து விழுந்தான். ராஜாவின் மேல் மற்ற எல்லோரும் விழுந்தார்கள்.

விசில்.

முதல் வரிசைக்காரர்கள் இவன் பெயரை விசாரித்துக்கொண்டார்கள். ராஜா எழுந்திருக்கவில்லை.

இன்றுவரை எழுந்திருக்கவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

ஒரே ஒரு தடவை இவன் போய்ப் பார்த்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தான். சுண்டுவிரலை மெல்ல அமுக்கினான். ராஜா கண்ணை மட்டும் கீழே இறக்கினான்.

"உங் கையா மாப்ள இது? பாத்தாத்தாம்ல தெரியுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கிளம்பும்போது ராஜாவின் அம்மா குலசாமி கோயில் கயிற்றை எடுத்துவந்து இவன் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நீயாவது நல்லா இரு என்றாள்.

அதற்குப் பிறகு இவன் போகவில்லை.

ராஜாதான் வந்தான்.

முதல் சீசன், முதல் ஆட்டம். இவனைக் கார்னரில் நிறுத்தியிருந்தார்கள். ரைடர் நெருங்கிய நேரம், வெறும் காற்றைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் அமுங்கியது.

இரு.

இருந்தான். ரைடர் ஓரடி கூடுதலாக உள்ளே வந்தான். அமுக்கம் விட்டது. பாய்ந்தான். பிடி விழுந்தது.

அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான். எந்த ஊர் அரங்கமானாலும், எந்த நிறச் சட்டையானாலும். இரு. இரு. பொறுமை என்றால் இவன்தான் என்று டிவியில் வியந்தார்கள். ஏலத்தில் அந்தப் பொறுமைக்குத்தான் கை மேல் கை உயர்ந்தது. சரக்கு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. நல்ல விலை போகிறபோது எவன் சொல்வான்?

கட்டைவிரல் மட்டும் ஒருநாளும் அமுங்கியதில்லை.

கபடி கபடி கபடி.

இப்போது அமுங்கியது.

ரைடர் இன்னும் தள்ளித்தான் இருந்தான். இடம் சரியில்லை. வலது கையில் ஜோகிந்தர் சுண்டுவிரலை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். இரு, இரு, இரு.

இடது கையில் கட்டைவிரல்.

வருடக்கணக்காக ஒரே விலையில் நின்ற வியாபாரி திடீரென்று இறங்கி வந்தால், வாங்குகிறவன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவன் யோசிக்கவில்லை. ஜோகிந்தரின் கையை உதறினான்.

கணுக்கால் சிக்கியது. ரைடர் திமிறினான். முதலில் ஜோகிந்தர் வந்து விழுந்தான். பிறகு எல்லோரும்.

விசில்.

அரங்கம் முழுக்க அவன் பெயர்.

வலியே இல்லை. முழங்கால்கூட வலிக்கவில்லை. நல்ல விஷயம் என்று நினைத்தான்.

மேலே கிடந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் முகத்துக்கு நேரே, விரிப்பின்மேல் ஒரு கை கிடந்தது. ஜோகிந்தர் மண்டியிட்டு அந்தக் கையை எடுத்தான். கட்டைவிரலை அமுக்கினான். பிறகு சுண்டுவிரலை. மறுபடியும் கட்டைவிரலை. ஜோகிந்தரின் சிரிப்பு மெல்ல நின்றது.

பாவம், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கீழே கிடந்தபடியே அவன் அந்தக் கையைப் பார்த்தான்.

மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது.