பதினான்காம் எண் வீடு

தெருவில் இருந்த முப்பத்தொரு வீடுகளில் பதினான்காம் எண்ணுக்கு மட்டும் டிக் இல்லை.

கண்டக்டர் கணக்கெடுப்புத் தாளை முகத்துக்கு அருகில் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தார். மற்ற முப்பதுக்கும் எதிரே தையலக்காவின் டிக். பக்கத்திலேயே, அந்த வீட்டில் யார் யார் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்ற குறிப்பு. பதினான்குக்கு நேரே மட்டும் வெறும் வெள்ளை.

மறந்திருப்பார் என்று நினைக்க முடியவில்லை. ஒரு பட்டன் நூலிழை தள்ளிப்போனாலும் பிரித்துத் தைக்கிற கை அது.

நாளைக் காலை பத்து மணிக்கு விண்ணப்பங்களைக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார்கள்.

போன தேர்தலில் கண்டக்டர் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றவர். மேஜைக்கு முன்னால் போனதும் பெயர் இல்லை என்றார்கள். வீடு மாறிப் போய்விட்டாராம். பதினேழு வருடமாக அவருக்கு ஒரே வீடு.

பின்னால் நின்ற பலருக்கும் அதே பதில்தான். சிலர் சண்டை போட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தையலக்காவுக்குத்தான் தோன்றியது.

கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டார். பெயர் இல்லை என்றவர்களை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே வந்தார். எழுபது பேர் சேர்ந்ததும், துணி வெட்டுகிற மேஜையைக் காலி செய்து பட்டியலை விரித்து வைத்தார். கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று அக்காவோடு ஏழு பேர் ஆனார்கள். மூன்று மாதத்தில் பதினொரு தெரு. விடுபட்டவர்கள் இருநூற்றுப் பதினாறு பேர்.

ஆரம்பித்த அன்றே அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வரி பொய்யாக இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அப்படிச் சொன்னவர் ஒரு வீட்டை மட்டும் ஏன் தாண்டிப் போனார்?

கண்டக்டருக்கு மண்டை குடைந்தது. வேண்டாதவர் வீடா? ரொம்பவும் வேண்டியவர் வீடா? யாராவது மிரட்டியிருப்பார்களோ?

அரசாங்கப் பட்டியலைப் புரட்டினார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து. பதினான்காம் எண்ணில் ஒரு வாக்காளர்கூட இல்லை.

ஆளில்லாத வீடு என்று விட்டிருக்கலாம். ஆனால் பூட்டிய வீட்டுக்குக்கூட 'பூட்டு' என்று எழுதி வைக்கிறவர் ஆயிற்றே அக்கா.

கேட்டுவிடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை அடைத்திருந்தது. சரி, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று நடையைக் கட்டினார்.

பதினான்காம் எண், மரக்கடைக்குப் பின்னால், ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தின் கோடியில் இருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு மூன்று துணிகள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

ஆள் இருக்கிறது, ஓட்டு இல்லை. அப்படியானால் இருநூற்றுப் பதினேழு என்று எண்ணியபடியே கதவைத் தட்டினார்.

ரேடியோ நின்றது. கதவைத் திறந்தவர் தையலக்கா.

கடைக்கு மேலே இருக்கிற அறையில்தான் அக்கா குடியிருக்கிறார் என்று கண்டக்டர் இத்தனை நாளாக நினைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் தேடி எடுத்தவர், தன் பெயரைக் கோட்டை விட்டிருக்கிறாரே. பையிலிருந்து புது விண்ணப்பம் ஒன்றை உருவி, கதவில் வைத்து எழுதத் தயாரானார்.

"நல்ல ஆளுக்கா நீங்க. முழுப் பேரச் சொல்லுங்க, நானே எழுதிடறேன்."

"எழுதாத தம்பி. நான் இந்த நாட்டுக்காரி இல்ல."

வந்து இருபத்தாறு வருடம் ஆகிறதாம். தங்குவதற்குக் கொடுத்த அட்டையை வருடாவருடம் புதுப்பிக்கிறாராம். குடியுரிமை கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டாராம், பதில் இல்லையாம். காலர் இத்தனை, கை இத்தனை என்று அளவு சொல்கிற குரலிலேயே இதையும் சொன்னார்.

கண்டக்டருக்குக் கேட்க நிறைய இருந்தது. கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள் கையில் இருந்ததே, நடுவில் தன் பெயரையும் சொருகியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? தனக்கு இல்லாத ஒரு ஓட்டுக்காக, கிடைக்கவே போகாத ஒன்றுக்காக, மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்க எப்படி மனசு வந்தது?

எது கேட்டாலும் அற்பமாகிவிடும்போல இருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அக்காவே பேசினார்.

"அந்த எடத்த வெறுமையா விடக் கூடாதுதான், எழுதக் கை வரல. இந்த வீட்டுல விடுபட்டவங்க யாரும் இல்லன்னு நீயே எழுதிடு."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆறு பேர் மட்டும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி கட்டைப் பிரித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவிப் பார்த்தார். ஒன்றிலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, இதையெல்லாம் முன்னால் நின்று நடத்தியது யார் என்று கேட்டார்.

கடையில் தலைக்கு மேல் வேலை என்று சொல்லிச் சொல்லி, அக்கா ஒருநாளும் இந்தப் படி ஏறாதது ஏன் என்று கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் சார்," என்று சொல்லிவிட்டு, பொறுப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.