இடுப்புப்பட்டையின் நடு நட்சத்திரம்

வெளியே பகல் பதினொரு மணி வெயில். கோளரங்கத்துக்குள் பனிக்கால இரவு. குவிமாடத்தில் விண்மீன்களாலான வேட்டைக்காரன் எழுகிறான்: இரண்டு தோள், இரண்டு கால், இடுப்புப்பட்டையில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றில் நடு நட்சத்திரம் மட்டும் விளக்குக்காரரின் கையில் இருக்கிறது. அதன் பல்பு காலையில் உயிரை விட்டுவிட்டது. மாற்று பல்பு இல்லை. அரங்கை மூடிவிடலாமா என்று பார்க்க வந்த அதிகாரியோ முதல் வரிசையில் சாய்ந்திருக்கிறார். ஆகவே டார்ச்சின் முகத்தில் ஊசித்துளை போட்ட கறுப்புத் தாளைக் கட்டிக்கொண்டு, வானம் நகர நகர விளக்குக்காரரும் இருட்டில் அங்குலம் அங்குலமாக நகர்கிறார். மூச்சு விட்டால் நட்சத்திரம் ஒன்றரைக் கோடி மைல் தள்ளிப்போகிறது. மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது. துடைக்கக் கை இல்லை. பக்கத்தில் வர்ணனை சொல்லும் மனைவி மைக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

“என்னங்க, பட்டை அவுந்து விழுது. தூக்கிப் பிடிங்க.”

“சீக்கிரம் பேசி முடி தாயே. கை கழண்டு போகுது.”

“விடியறதுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

முன்வரிசை நாற்காலி கிறீச்சிடுகிறது. “அந்த நடு நட்சத்திரம் மட்டும் ஏன் நடுங்குது?” என்கிறார் அதிகாரி. விளக்குக்காரர் டார்ச்சை மார்போடு சேர்த்து இறுக்குகிறார்; நட்சத்திரம் இன்னும் அதிகமாக ஆடுகிறது. மனைவி மைக்கிலிருந்து கையை எடுக்கிறாள்.

“நட்சத்திரம்னா சிமிட்டும் சார்.”

அதிகாரி அண்ணாந்தபடியே சொல்கிறார். “அது சரி. அது ஒண்ணுதான் நிஜமா இருக்கு. நாளைக்கு மறுபடி வர்றேன். மத்ததையும் இதே மாதிரி சிமிட்ட வச்சிட்டீங்கன்னா மூட வேண்டாம்.”

குவிமாடத்தில் மொத்தம் மூவாயிரம் நட்சத்திரங்கள். மனைவியுடையதையும் சேர்த்தால் கை நான்கு.