கண் டாக்டருக்கு ஒரு கடிதம்

பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டிய சிறிய கிளினிக். காலை வெயில் மேஜைமேல் சாய்ந்து விழுகிறது. டாக்டர் தையல்நாயகி, செல்வமேரியின் வீங்கிய இடது இமையை விரலால் விலக்கி டார்ச் அடிக்கிறார். விழி முழுக்க ரத்தம் கட்டியிருக்கிறது. "எத்தனை விரல் தெரியுது?" "ஒண்ணுமே தெரியல டாக்டரம்மா." டார்ச்சை அணைத்துவிட்டு, மாம்பலத்திலுள்ள கண் நிபுணருக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். "இன்னைக்கே போகணும். தாமதிச்சா பார்வை போயிடும்." பின்னால் நிற்கும் கணவன் சின்னப்பன் எட்டிப் பார்க்கிறான். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாள்னு எழுதுங்க." "கன்னத்துல பெல்ட் பக்கிள் தடம் இருக்கு. எப்படி அடிபட்டதுன்னு அவருக்குத் தெரியணும்," என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறார். அவன் கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறான். வீசிய கையில் பட்ட மருந்துப் புட்டிகள் தரையில் விழுந்து நொறுங்குகின்றன. டிங்க்சர் நெடி மூக்கில் ஏறுகிறது. "எம் பொண்டாட்டிக்கு இன்னா ஆச்சுன்னு நீ சொல்றியா? எழுந்திருடீ, வூட்டுக்குப் போலாம்!" கொண்டையைப் பிடித்து இழுக்கிறான். நாற்காலி கவிழ்கிறது. அவள் முழங்கால்கள் கண்ணாடிச் சில்லுகளில் இறங்குகின்றன. வெளியே காத்திருந்தவர்களில் இருவர் ஓடிவந்து அவன் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்துகிறார்கள். டாக்டர் புதுத் தாளை எடுக்கிறார். "எப்படிம்மா அடிபட்டது? நீயே சொல்லு." செல்வமேரி மேஜையைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுகிறாள். ரத்தம் கணுக்காலுக்கு வழிகிறது. "எம் புருஷன் பெல்ட்டால அடிச்சான்," என்கிறாள், வாசலில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "பேரையும் எழுதுங்க டாக்டரம்மா. சின்னப்பன்."