பேரம் பேசாத ஆசாமி

“டேய் ஜெயவேலு, அந்த ஆளப் பாரு. பெட்ஷீட் வாங்க வந்த மூஞ்சியாடா அது?”

கல்லாவில் இருந்த பொன்னுரங்கம் மகனின் காதருகே கிசுகிசுத்தார்.

ஜெயவேலு பார்த்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல்பை, சட்டைப்பையில் பேனா. விரித்துப் போட்ட பெட்ஷீட்டை விட்டுவிட்டு அந்த மனிதர் அலமாரிகளையும் மாடிப்படியையும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா நைனா. துணியத் தொடவேயில்ல. கடையத்தான் கண்ணால அளந்துகினு கீறாரு.”

பொன்னுரங்கம் கல்லாப்பெட்டியைச் சட்டென்று பூட்டினார். போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் நடந்த கூத்து அப்படி. பாத்திரக்கடையில் குடம் வாங்குவதுபோல் வந்து நின்ற ஒருவர், கடைசியில் பார்த்தால் விற்பனை வரி அதிகாரி! பில் இல்லாமல் விற்றதற்காகக் கடையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனார். பொன்னுரங்கம் மட்டும் என்ன யோக்கியமா? இங்கேயும் பாதி வியாபாரம் பில் இல்லாமல்தான். மாட்டினால் கடை அம்பேல்.

“இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லு. நஷ்டம்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்” என்று மகனிடம் சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க சார், குந்துங்க. டபுள் காட்டுக்கா? சென்னிமலை காட்டன் சார். எத்தினி தபா தோச்சாலும் சாயம் போவாது.”

“இருக்கட்டும். வியாபாரம் நல்லாப் போகுதா?”

“எங்க சார்! ஈ ஓட்டிகினு கீறோம்.”

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? கல்யாண வீட்டுக் கும்பல் ஒன்று விற்பனைப் பெண் செல்வமேரியைச் சூழ்ந்துகொண்டு தலையணை உறைகளாக அள்ளிக் குவித்தது.

“அவங்கள்லாம்?” என்றார் வந்தவர்.

“சும்மா பாக்கறாங்க சார். பாத்துட்டுப் பூடுவாங்க.”

“கட்டடம் சொந்தம்தானே?”

“ஐயோ, வாடக சார்! அதையே ஒயுங்கா குடுக்க முடியல. எப்பக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு பேஜாரா கீது.”

வந்தவரின் புருவம் சுருங்கியது. “கீழ்க்கட்டளையில ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னு சொன்னாங்களே?”

பொன்னுரங்கம் மனதுக்குள் அலறினார். அடப்பாவிகளா! அது வரைக்குமா தெரியும்? எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். எவன்? எதிர்க்கடை லோகநாதனா? அவன் செய்யக்கூடியவன்தான். இல்லை, இந்தச் செல்வமேரியேவா? அவள் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்த சிரிப்புகூட அவருக்கு இப்போது விஷமமாகத் தெரிந்தது.

“வேண்டாதவங்க யாரோ கெளப்பிவுட்டது சார். நானே ஒண்டுக் குடித்தனத்துல கீறேன்” என்றார். “ஜெயவேலு, சாருக்குக் குடிக்க ஒரு கலர் சோடா வாங்கியா.”

“வேணாங்க. இப்ப இங்க எதுவும் சாப்பிடறது முறையில்ல.”

சந்தேகம் தீர்ந்தது. ஓசியில் கொடுக்கும் கலரை வேண்டாம் என்கிறவன் அதிகாரியாக இல்லாமல் வேறு யாராக இருப்பான்? அதுவும் கை சுத்தமான அதிகாரி. அந்த ஜாதிதான் ஆபத்து.

வந்தவர் ஜெயவேலுவை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி எதுவரைக்கும் படிச்சிருக்கு?”

“பி.காம் சார்” என்று உளறிவிட்டான் ஜெயவேலு.

போச்சுடா! பி.காம் படித்த பிள்ளை கடையில் இருந்தால், அடுத்த கேள்வி கணக்கு எங்கே என்பதுதானே?

“உங்க பையன்தானே?” என்று வந்தவர் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“என் புள்ளையா? சேச்சே! சம்பளத்துக்கு நிக்கற ஆளு சார் இது. அதுவும் இந்த மாசத்தோட நிறுத்திடப் போறேன். கட்டுப்படியாவல.”

ஜெயவேலு சட்டென்று புரிந்துகொண்டு கைகட்டி நின்றான். “ஆமா சார். மொதலாளி ரொம்பக் கஷ்டத்துல கீறாரு.”

சமயத்தில் கைகொடுத்தானே என்று பொன்னுரங்கத்துக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

வந்தவர் தோல்பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். பிறகு கைக்கு அருகில் கிடந்த ஒரு பெட்ஷீட்டை எடுத்து நீட்டினார். “இதைக் கட்டுங்க.”

கலர் பார்க்கவில்லை, பிரித்துப் பார்க்கவில்லை. சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். தாம்பரத்தில் பேரம் பேசாமல் பெட்ஷீட் வாங்கின மனிதரைப் பொன்னுரங்கம் அன்றுதான் பார்த்தார். வாழ்க்கையிலேயே அத்தனை சுத்தமாக அவர் போட்ட பில்லும் அன்றையதுதான்.

வந்தவர் தெருமுனையைத் தாண்டும்வரை அப்பாவும் மகனும் மூச்சுவிடவில்லை.

“தப்பிச்சோம்டா!” பொன்னுரங்கம் மகன் முதுகில் ஓங்கித் தட்டினார். “ஒரு கேள்வியிலயும் அந்த ஆளுக்குப் பிடி குடுக்கலியே நாம! இன்னா நடிப்புடா உன்னுது!”

செல்வமேரி உட்பட எல்லோருக்கும் பஜ்ஜியும் டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அவள்மேல் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டெலிபோன் அடித்தது. எதிர்முனையில் கல்யாணத் தரகர் குப்பன், எடுத்ததுமே பொரிந்து தள்ளினார்.

“இன்னாண்ணா, என் மானத்த வாங்கிட்டியே! கேளம்பாக்கத்துப் பொண்ணோட அப்பா, மாப்புள வூட்டுப் பவுசப் பாக்கலாம்னு சொல்லாம கொள்ளாம உன் கடைக்கு வந்தாராம். கடை சொந்தமில்ல, வூடு இல்லன்னு சொன்னியாம். அதக்கூட எப்படியாச்சும் பேசிச் சமாளிச்சுடுவேன். ‘பையன் அவரு புள்ளையே இல்லியாமே’ன்னு கேக்கறாரே, அதுக்கு நான் இன்னாண்ணா பதில் சொல்லட்டும்?”